கிடைத்துவிட்டால் என்ன செய்வது

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து வந்து இறங்கினார் கல்வி ஆலோசகர் ஞானசிகாமணி. கட்-ஆஃப் மார்க்கைச் சொன்னால் போதும், பிள்ளையின் எதிர்காலத்தையே சொல்லிவிடுவாராம். சொன்னதென்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான்: "அரசுக் கல்லூரியா? வாய்ப்பே இல்லை. எங்க தனியார் கல்லூரிக்கு வந்துடுங்க."

பீடி சுற்றும் செல்லக்கனி, தாலிச் சங்கிலியை விற்றாவது மகளை அங்கே சேர்த்துவிடத் துணிந்துவிட்டாள். மகள் முப்பிடாதிதான் மேடைக்குப் போனாள்.

"நூற்றி எழுபத்தெட்டு, சார்."

ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். "அரசுப் பள்ளிதானே? கனவு காணாதம்மா. கவுன்சிலிங்கில் எங்க கல்லூரியை மட்டும் எழுது."

"முதல்ல எழுதினது கிடைக்கலைன்னா ரெண்டாவது கிடைக்கும்தானே சார்?"

"ஆமா."

"அப்ப அரசுக் கல்லூரியை முதல்ல எழுதறேன், உங்களை ரெண்டாவதா எழுதறேன். அதுதான் கிடைக்கவே கிடைக்காதே, உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஞானசிகாமணிக்கு வியர்த்தது. "அதெப்படி? அது கிடைச்சிட்டா நீ எங்ககிட்ட வரமாட்டியே!" என்று மைக்கிலேயே கத்திவிட்டார்.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

"கிடைக்கும்னு சொன்னதுக்கு நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள் முப்பிடாதி.

அந்த வருஷமே அவள் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். அன்றைக்கு ஊருக்கே ஆரூடம் சொன்ன மனிதருக்குப் பலித்தது அந்த ஒன்றுதான். அதுவும் வாய் தவறி வந்தது.