மயிலைப் பசுவைப் பிடித்த பேய்

ஒரு ஊரில் ஒச்சாயி, ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்குன்னு இருந்தது சாம்பல் நிறத்துல ஒரே ஒரு மயிலைப் பசு, அதுக்கு ஒரு பால்குடிக் கன்னு. திடீர்னு பசு இளைக்க ஆரம்பிச்சது. காலை உதறும், காதை ஆட்டும், வாலைச் சுழட்டும், கன்னு மடியில வாய் வெச்சா எட்டி உதைக்கும். கன்னு பசியில கத்தக் கத்த ஒச்சாயிக்கு நிக்கவும் முடியல, உட்காரவும் முடியல. பசு போச்சுன்னா கன்னும் போச்சே!

ஓடினா, ஊருக்குக் குறி சொல்ற கோடாங்கி வீரணன்கிட்ட. அவன் வந்து உடுக்கை அடிச்சான், மாட்டைச் சுத்திச் சுத்திப் பார்த்தான், முதுகில திருநீறு பூசினான். "பேய் பிடிச்சிருக்கு ஆத்தா"ன்னான். மறுநாளும் வந்து பூசினான். மூணாம் நாளும் பூசிட்டு, "இது இங்க நின்னா உன்னையும் பிடிச்சுக்கும். சாயங்காலம் என் தொழுவுக்கு ஓட்டிட்டுப் போயிடறேன்"னான்.

"பிறகு திருப்பித் தருவீகளா சாமி?"

"பேய் பிடிச்ச மாட்டை எவளாவது திருப்பிக் கேப்பாளா?"

அவன் போனதும் ஒச்சாயி பசு கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. அழுதுக்கிட்டே காதைத் தடவினா, உள்ளே ஆமணக்கு விதை மாதிரி என்னமோ தட்டுப்பட்டது. பிடுங்கிப் பார்த்தா உண்ணி! அப்புறம் கை சும்மா இருக்குமா? கழுத்துக்குக் கீழ தொங்குற அலைதாடிக்கு அடியில பார்த்தா, வால் அடியில பார்த்தா, தொடை இடுக்குல, மடி மடிப்புல பார்த்தா. எங்க பார்த்தாலும் உண்ணி. திருநீறு பூசின முதுகில மட்டும் ஒண்ணு கிடையாது. தோல் மெலிசா, மறைவா இருக்கிற இடமாப் பார்த்துத்தானே பிள்ளைகளா அதுக குடியிருக்கும்! வேப்பெண்ணெயைத் தடவித் தடவிப் பிடுங்கினா. ரத்தம் குடிச்சுக் கொழுத்ததையெல்லாம் அடுப்புல போட்டா. பசியோட திரிஞ்ச பொடிசுகளை மட்டும் ஒரு சிரட்டையில மூடி வெச்சா.

சாயங்காலம் கோடாங்கி கயித்தோட வந்தான். பேய் ஓட்ட வர்றவனுக்கு வேட்டி குடுக்கிறது அந்த ஊர் வழக்கம். ஒச்சாயி சிரட்டையை வேட்டி மடிப்புக்குள்ள கொட்டி, பவ்யமா நீட்டினா. "இங்கேயே கட்டிக்கங்க சாமி."

கட்டிக்கிட்டு மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நடந்தான். ஒச்சாயி பின்னாலயே போனா. முதல் தெருவுல இடுப்பைச் சொறிஞ்சான். ரெண்டாம் தெருவுல தொடையைச் சொறிஞ்சான். மூணாம் தெருவுல கயித்தை விட்டுட்டுக் காலை உதறினான், தலையை ஆட்டினான், குதிச்சான்.

"ஐயையோ, கோடாங்கியையே பேய் பிடிச்சிருச்சு! வேப்பங்குழையை ஒடிங்கடா!"ன்னு கத்திக்கிட்டு ஊரே கூடி விளாசினது.

"அடிக்காதீங்கடா! பேயில்ல, உண்ணி! அந்த மாட்டு உண்ணிதான், நான் முதல் நாளே பார்த்தேன்!"

அடி சட்டுனு நின்னது. ஒச்சாயி கயித்தைக் கையில எடுத்துக்கிட்டா.

"முதல் நாளே பார்த்தீகளா? உங்களைக் கடிச்சா உண்ணி, என் மாட்டைக் கடிச்சா பேயா?"

அவ்வளவுதான், நின்ன அடி மறுபடி தொடங்கினது. அடுத்தவ மாட்டுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னா அப்படித்தான். கோடாங்கி சொறிஞ்சுக்கிட்டே ஊரை விட்டு ஓடினான், கதையும் அவன் பின்னாலயே ஓடிப்போச்சு.