வறுத்த மண்

“மண்ணையும் வறுத்தாச்சு. உப்பும் மிளகும் போட்டா சோத்துல பிசைஞ்சிடலாம்.”

தண்ணீர் எடுத்துப் போன இரண்டு பெண்கள் சிரித்துப் பேசியது, நாற்றுப் பந்தலுக்குள் இருந்த தணிகாசலத்துக்குக் கேட்டுவிட்டது.

அவர் கையில் இரும்புச் சட்டியும் கரண்டியும் இருந்தன.

முப்பது வருடம் மருத்துவமனையில் கத்தி, கத்தரிக்கோல்களைக் கிருமி போகக் கொதிக்க வைத்தவர். ஓய்வு பெற்றதும் மலையடி ஆசிரமத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளைய பூங்கோதையிடம் சீடரானார். எதிரே இருக்கும் மொட்டைக் குன்றில் காடு வளர்ப்பது அவர் வேலை.

இரண்டு மழைக்காலம் நட்டார். ஒரு கன்றுகூடத் தங்கவில்லை.

சட்டியை வைத்துவிட்டு நேராகக் குருவிடம் போனார்.

“அம்மா, இந்தத் தடவையும் பையில கன்றெல்லாம் மஞ்சளா நிக்குது. இதுவும் போச்சுன்னா நான் ஊருக்கே கிளம்பிடறேன்.”

பூங்கோதை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“பையில போடற மண்ணை ஏன் வறுக்கிறீங்க, ஐயா?”

“காட்டு மண்ணாச்சே! வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி பூசணம். புழு வேற. விடுவேனா?”

“விடக் கூடாதுதான். நாளைக்கு எனக்குத் தயிர் வேணும். நீங்களே தோய்ச்சு வையுங்க.”

தணிகாசலம் பாலை மூன்று முறை பொங்கவிட்டார். பாத்திரத்தை வெந்நீரில் கழுவினார். உறை ஊற்ற மோர் கேட்டார்.

“மோரா? அதுல கிருமி இருக்குமே!” பூங்கோதை மோர்ச்சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உறை ஊத்தாம எப்படிம்மா தயிராகும்?”

“சுத்தமா வெச்சா ஆகாதா?”

மறுநாள் மதியம் பாத்திரத்தில் பால்தான் இருந்தது. பூங்கோதை அதையே சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

“பரவாயில்லை ஐயா. உப்பும் மிளகும் போட்டா சரியாயிடும்.”

தணிகாசலம் சாப்பிடாமல் எழுந்தார். கூடையோடு காட்டுக்குள் போனார்.

பெரிய நாவல் மரத்தடி. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் நாவலும் புங்கமும் பூவந்தியும் நெருக்கியடித்து முளைத்திருந்தன.

சருகை விலக்கினார். வெள்ளை நூல்கள் இந்த வேரிலிருந்து அந்த வேருக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மண்புழு அவசரமாக உள்ளே போனது.

அந்த மண்ணை நூலோடும் புழுவோடும் கூடையில் அள்ளினார்.

சாயங்காலம் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன சாமி, இன்னிக்கு வறுவல் கிடையாதா?”

இரும்புச் சட்டி நிறைய ஈரமான காட்டு மண் இருந்தது. தணிகாசலம் கரண்டியால் மொண்டு, பைக்கு ஒரு கரண்டியாக விட்டுக்கொண்டே போனார்.