செவலைக்குப் பால்சோறு

எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் கோமதிநாயகம் மடத்துக்கு வந்தார். வீட்டை விட்டார், ஊர் வம்பை விட்டார், வெற்றிலையைக்கூட விட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு நாய் வந்துகொண்டிருந்தது.

மலையடிவாரத்தில் இருந்தது மடம். பெரிய மடம் ஒன்றுமில்லை. ஒரு சுனை, நாலைந்து அறைகள், ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் கம்பிவேலி. அங்கே குரு சங்கரவடிவு அம்மை. வயதில் கோமதிநாயகத்தைவிட ரொம்ப இளையவர். அதனால் குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் அது இயல்பாக இருந்தது.

முதல் நாள் வாசலிலேயே அம்மை கேட்டார்.

“நாய் யாரோடது?”

“என் வீட்டுக்காரி ஆவுடையோடதும்மா. அவ போயி ஆறு மாசமாச்சு. இதை யார்கிட்டயும் விட மனசு வரலை.”

“இதுக்கு என்ன பேரு?”

“செவலை.”

“ரெண்டு பேரும் உள்ள வாங்க,” என்றார் அம்மை.

செவலையை மடத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. பிடித்துப்போனதுதான் அதற்கு வினையாக வந்தது. பிரதோஷத்துக்குச் சுண்டல், வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், விசேஷ நாளில் வடை என்று ஆளுக்கு ஒரு பிடி வைத்தார்கள். விரத நாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அன்று செவலைக்கும் பட்டினி. மறுநாள் நெய் மிதக்கும் பொங்கல். ‘எங்க மடத்து நாய் சைவ நாய், விரதமெல்லாம் இருக்கும்’ என்று சமையல்காரர் வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். அந்தப் பெருமை எதுவும் நாயின் வயிற்றுக்குத் தெரியவில்லை. முதலில் வாந்தி எடுத்தது. பிறகு பேதி நிற்கவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

கோமதிநாயகத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆவுடையோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த ஜீவன் என்று இனி செவலை ஒன்றுதான். சாயங்காலம் விளக்கு வைத்தபின் அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், “ஆவுடை” என்று ஒருமுறை சொல்வார். செவலையின் காது எழும்பும். வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கும். அவரும் பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர் பகல் முழுவதையும் ஓட்டினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்?

ஒரு சாயங்காலம் பேரைச் சொன்னார். காது எழவில்லை.

மறுநாள் காலை செவலையைத் துண்டில் பொதிந்து தூக்கிக்கொண்டு, டவுனில் இருந்த கால்நடை மருத்துவரிடம் ஓடினார். டாக்டர் சின்ன வயதுப் பெண். நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?”

“பொங்கல், சுண்டல், பருப்புச் சோறு. மடத்துச் சாப்பாடுதாம்மா.”

“பால்?”

கோமதிநாயகம் கொஞ்சம் தயங்கினார். “சாயங்காலம் கொஞ்சம்.”

“நிறுத்திடுங்க. வளர்ந்த நாய்ங்க பலதுக்குப் பால் செரிக்காது. நெய், இனிப்பு, சுண்டல் எல்லாம் கட். சோத்தைக் குழைய வேகவைங்க. தோல் இல்லாத கோழியை உப்பு, மசாலா போடாம அவிச்சு, எலும்பு துளிகூட இல்லாம பிசைஞ்சு கலந்து குடுங்க. கொஞ்சம் பூசணிக்காய் மசிச்சுச் சேருங்க. ஒரேயடியா வைக்காம, கொஞ்சம் கொஞ்சமா வைங்க. பேதி நின்னதும் மத்ததை யோசிக்கலாம்.”

“கோழியா? நாங்க சைவம்மா.”

“நீங்க சைவம், சரி. நாயைக் கேட்டீங்களா?”

கோமதிநாயகம் மருந்தை வாங்கிக்கொண்டு மடத்துக்குத் திரும்பினார். யாரும் செவலைக்கு எதுவும் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சுண்டல் நின்றது, பொங்கல் நின்றது. குழைந்த சோற்றில் பூசணிக்காயை மசித்து வைத்தார். கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை. பாலைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

செவலை தேறவில்லை. ஒரு நாள் எழுந்து நடக்கும், மறுநாள் படுத்துவிடும். கடைசியில் அவர் குருவிடம் போனார். அம்மை சுனையில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“அம்மா, விபூதி போட்டுவிடுங்க. செவலை என் கையை விட்டுப் போயிரும் போல இருக்கு.”

“விபூதி இருக்கட்டும். டாக்டர் என்ன சொன்னாங்க?”

கோமதிநாயகம் கோழி வரைக்கும் சொன்னார். அதைச் சொல்லும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“இப்ப என்ன குடுக்கீக?”

“குழைஞ்ச சோறும் பூசணிக்காயும்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதாம்மா.”

“விளக்கு வச்சப்புறம்?”

கோமதிநாயகத்தின் வாய் கோணியது. அறுபது வயது மனிதர் சுனைக்கரையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

“பால்சோறும்மா. ஆவுடை தினமும் விளக்கு வச்சிட்டு அதுக்குப் பால்சோறு ஊட்டுவா. ஆஸ்பத்திரியில கடைசியா வாய் திறந்து அவ சொன்னது அது ஒண்ணுதான். ‘செவலைக்குப் பால்சோறு விட்டுராதீக.’ என்னைப் பத்திக்கூட ஒண்ணும் சொல்லலை. அதையும் நான் நிறுத்திட்டா, அவ பேச்சை யாரும்மா கேட்கப்போறா?”

அம்மை துணியைப் பிழிந்து வேலியில் போட்டார்.

“எப்படி ஊட்டுவா?”

“கையிலேயே உருட்டி உருட்டி வைப்பா. அது விரலிடுக்கெல்லாம் நக்கும். எனக்குப் பார்த்தாலே குமட்டும், தள்ளிப் போயி நின்னுக்கிடுவேன். ‘உங்களுக்கு எச்சில்னா பயம்’னு சொல்லிச் சிரிப்பா.”

“நீங்க எப்படி ஊட்டுதீக?”

“நான் கரண்டியால எடுத்துத் தட்டுல வச்சிருவேன்.”

அம்மை அவர் விரல்களைப் பார்த்தார். அடுத்த துணியை எடுத்தார்.

அன்று பிற்பகல் வேலிக்கு வெளியே மூன்று கல்லைக் கூட்டி அம்மை ஒரு மண்சட்டியை ஏற்றினார். டவுனுக்குப் போன ஆட்டோக்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். சட்டி கொதித்ததும் வந்த வாசனையில் மடமே கலங்கிவிட்டது. சமையல்காரர் காறிக் காறித் துப்பினார். கோமதிநாயகம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“அம்மா! உங்க கையாலயா?”

“என்கிட்ட இருக்கிறது இந்தக் கைதான், அண்ணாச்சி.”

அம்மை கோழியை ஆறவைத்து, எலும்பு எடுத்து, குழைந்த சோற்றோடும் பூசணிக்காயோடும் பிசைந்தார். செவலையைக் கூப்பிட்டு வேலியோரம் உட்காரவைத்து ஒரு சின்ன உருண்டை கொடுத்தார். செவலை மோந்து பார்த்தது. தின்றது. இன்னொன்றுக்கு முகத்தைப் பார்த்தது.

“போதும். கொஞ்ச நேரம் போகட்டும்,” என்று அம்மை அதனிடம் சொன்னார்.

கோமதிநாயகம் துண்டை எடுக்காமலே கேட்டார். “சாயங்காலம் பால்சோறும்மா?”

“போடுங்க. அவங்க பேச்சைத் தட்டவேண்டாம்.”

அவர் முகம் மலர்ந்தது. விளக்கு வைத்ததும் பாலைக் காய்ச்சிச் சோற்றைக் கரைத்து எடுத்து வந்தார். செவலை வழக்கமாக உட்காரும் இடத்தில் அம்மை உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கிண்ணம் இருந்தது.

“அம்மா, இது செவலைக்கு…”

“செவலை நான் பிசைஞ்சதைத் தின்னுட்டுத் தூங்குது. அதோட பங்கை எனக்குப் போடுங்க.”

குருவுக்குச் சோறு போடக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கோமதிநாயகம் கரண்டி கரண்டியாகப் போட்டார். அம்மை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். கோமதிநாயகத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சினார், ஏலக்காய்கூடத் தட்டிப் போட்டார். ஆவுடையின் பேச்சு இப்படியாவது நடக்கிறதே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்த நாட்களில் செவலை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. வாந்தி நின்றது. வேலியோரம் அம்மையின் கையில் தின்றுவிட்டு, சுனை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியது. வாலை ஆட்டியது. கோமதிநாயகம் தூரத்தில் துண்டும் மூக்குமாக நின்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் காலைப் பாராயணத்துக்கு அம்மை வரவில்லை. கோமதிநாயகம் தேடிப் போனார். அம்மை சொம்பும் கையுமாகத் தோப்புப் பக்கமிருந்து வந்து கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செவலை வந்து காலடியில் படுத்தது.

“என்னம்மா செய்யுது?”

“வயித்துக்கு ஒத்துக்கலை.”

“என்ன சாப்பிட்டீக?”

“பால்சோறு.”

“ஐயையோ. பால் திரிஞ்சு கிடந்துச்சா?”

“இல்லை. பால் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் பால் ஆகாது. சின்ன வயசிலேருந்தே ஆகாது.”

கோமதிநாயகம் பதறிப்போனார். அவருக்குக் கோபம்கூட வந்தது.

“அப்புறம் ஏம்மா சாப்பிட்டீக? ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லப்படாதா?”

“அவ்வளவு ஆசையாப் போட்டீக, அண்ணாச்சி. உங்க முகத்தைப் பார்த்தா வேண்டாம்னு சொல்ல வரலை.”

கோமதிநாயகம் மேலே ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.  அவர் பார்வை கீழே இறங்கியது. செவலை படுத்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தது.

அவர் நேரே சமையல்கட்டுக்குப் போனார். பால் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அன்று சட்டியை ஏற்ற அம்மைக்குத் தெம்பு இல்லை. ஆனாலும் வந்து அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார். கோமதிநாயகமே விறகு அடுக்கினார், தண்ணீர் ஊற்றினார். மூக்கைப் பொத்திக்கொண்டு நெருப்பு ஊத முடியாது. அதனால் துண்டு தோளுக்குப் போயிற்று. கையில் மட்டும் சமையல்கட்டிலிருந்து கொண்டுவந்த நீளக் கரண்டி இருந்தது.

பொழுது சாய்ந்தது. மடத்துக்குள் யாரோ விளக்கு வைத்தார்கள். அம்மை கிண்ணத்தில் கொஞ்சம் பிசைந்து செவலைக்கு முதல் உருண்டையைக் கொடுத்தார். செவலை அவர் விரலை நக்கி நக்கித் தின்றது.

கோமதிநாயகத்துக்கு விளக்கு வைத்த நேரம் என்றால் என்ன என்று உடம்புக்கே தெரியும். கை பாலைத் தேடியது. பால் இல்லை. அவர் குனிந்து, இந்த முறை குரு இருப்பதையும் பார்க்காமல், “ஆவுடை” என்றார்.

செவலையின் காது எழவில்லை. அது தின்றுகொண்டிருந்தது.

அவர் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். செவலை தலையைத் தூக்கவில்லை.

“அம்மா, நோவுல கிடக்கும்போது காது அசையலை, சரின்னு இருந்தேன். இப்பத்தான் தேறிருச்சே. அவளை மறந்துபோச்சா?”

“அதுக்குப் பசிக்குது, அண்ணாச்சி.”

கோமதிநாயகம் அடுப்பைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

“பால்சோறும் போச்சு. பேரைச் சொன்னா திரும்பிப் பாக்கவும் ஆளில்லை. அவளுக்குன்னு நான் இனி என்னத்தைம்மா செய்ய?”

அம்மை கையைக் கழுவிக்கொண்டார். சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். உள்ளே இன்னும் பிசையாத கோழியும் சோறும் ஆறிக்கொண்டிருந்தன. செவலை நாக்கைத் தொங்கப்போட்டு அடுத்த உருண்டைக்குக் காத்திருந்தது.

“கரண்டியைக் கீழ வச்சிட்டு வாங்க, அண்ணாச்சி.”