வேகத்தடையில் ஏறியவர்கள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

பூமியின் காந்தப்புலத்தை ஆராயும் நிலையம் ஒன்றில் குரு செண்பகவல்லி விஞ்ஞானி. சீடர் ஞானசிகாமணி அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சனிக்கிழமைதோறும் வந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். ப்ளஸ் டூவில் செண்பகவல்லிக்குப் பாடம் நடத்தியவரும் அவர்தான். அவர் ‘மேடம்’ என்பார், இவர் ‘சார்’ என்பார். மாற்றிக்கொள்ளச் சொல்லி இருவருமே கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஆய்விலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தார் சீடர்.

விஷயம் இதுதான். பூமிக்கு வெகு உயரத்தில், மின்னூட்டத் துகள்கள் நிறைந்த வெளியில் ஓர் அலை புறப்படுகிறது. போகப் போக மெலிந்து, இல்லாமலே போகிறது. அங்கே உரசுவதற்குச் சுவர் இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதுகூட அபூர்வம். அலையின் ஆற்றலை எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்கின்றன என்கிறது புத்தகம். சீடர் செயற்கைக்கோள் தரவுகளை நாலு வருடமாகச் சலித்துவிட்டார். அலை வருமுன் எலக்ட்ரான்களின் சராசரி வேகம் என்னவோ, போன பின்னும் அதேதான் வந்தது.

“அந்த எனர்ஜி எங்கதான் மேடம் போகுது?”

குரு கடிதத்தைப் படித்தார். மடித்து அவரிடமே கொடுத்தார். ஒன்றரை மணி பஸ்ஸைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். சீடருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் கூடவே நடந்தார்.

நிலையத்தின் வாசலில் ஸ்டாப் கிடையாது, வேகத்தடை உண்டு. டவுன் பஸ் அதில் கொஞ்சம் தயங்கும், நிற்காது. எதிரே டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொய்யாப்பழ வண்டிக்காரர் பழங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. நர்சிங் படிக்கும் பெண்கள் இருவர் அதன் கூடவே ஓடி, கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் திட்டுவது கேட்டது. பஸ் போய்விட்டது.

“யாரு சார் ஏறுனாங்க?”

“கூட ஓடுன ரெண்டு பிள்ளைங்க.”

“மத்தவங்க?”

“அவங்க பாட்டுக்கு நிக்காங்க. பஸ் வந்ததே அவங்களுக்குத் தெரியாது.”

“இப்ப, இங்க இருந்த அத்தனை பேர் வேகத்தையும் கூட்டி சராசரி எடுங்க.”

சீடர் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைப் போல, அலையின் வேகத்தை ஒட்டி ஓடி அதன் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் எலக்ட்ரான்களை ஒருநாளும் அவர் தனியாகப் பிரித்துப் பார்த்ததில்லை. கோடிக்கணக்கானவற்றோடு சேர்த்தே கூட்டியிருந்தார். தவறு புரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

அலையின் ஆற்றல் போன இடத்தை இனிக் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் தனக்குத்தான் தெம்பு இல்லை என்றார். கடிதத்தை மறுபடி நீட்டினார்.

“முப்பத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியாச்சு மேடம். எந்த வருஷமும் கிளாஸ் ஆவரேஜ் அறுபதைத் தாண்டல. அதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். குரு கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

“ரெண்டாயிரத்து நாலு பேட்ச் ஆவரேஜ் ஞாபகம் இருக்கா சார்?”

“அம்பத்தெட்டு.” யோசிக்காமல் சொன்னார்.

“அதுலதான் சார் நானும் இருந்தேன்.”