மாராயி காவல் காத்த பரிசல்கள்

சமஸ்தானத்தை நாட்டோடு இணைக்கக் கிளம்பிய தொண்டர்கள் அக்கரையில் நின்றார்கள். மீதிப் பரிசல்களுக்குப் பரிசல்காரி மாராயியை இக்கரையில் காவல் வைத்துவிட்டு ஊரும் சில பரிசல்களில் அங்கே போய்விட்டது. தொண்டர்களைப் பிடிக்க ராஜாவின் தளபதி படையோடு இக்கரைக்கு வந்தார்.

"அத்தனை பேரையும் அக்கரை சேர்க்கலைன்னா உன் தலை போகும்."

"நான் ஒருத்தி எத்தனை பரிசல் ஓட்ட சாமி? நீங்களே ஓட்டுங்க. துடுப்பை முன்னால போடுங்க. பக்கத்துல போட்டா சுத்தும்."

"எந்தப் படகுல முன்னால போடுறான்? யாரை ஏமாத்துற?" என்ற தளபதி, பக்கத்திலேயே போடச் சொன்னார். அவர் நம்பமாட்டார் என்று தெரிந்துதான் அவள் உண்மையைச் சொன்னாள்.

நடு ஆற்றில் பரிசல்கள் தட்டாமாலை சுற்றின. துப்பாக்கி பிடிக்க வேண்டிய கைகள் பரிசல் விளிம்பைப் பிடித்திருந்தன. தொண்டர்கள் கயிறு வீசிப் பரிசல்களை இழுத்து, எல்லாரையும் சிறைபிடித்தார்கள்.

அக்கரையில் வெற்றிக் கொட்டு முழங்கியது. தன்னையும் ஏற்றிப்போக யாராவது வருவார்கள் என்று மாராயி இருட்டும்வரை இக்கரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பரிசலும் திரும்பி வரவில்லை.