மாசிலாமணி பாடாத நாள்

மாசிலாமணி வீட்டு விருதுகளைத் துடைக்கும் வேலையை யாரும் தில்லைநாயகத்துக்குக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிடுவார். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. டெல்லியில் வாங்கியவை, மாநில அரசு கொடுத்தவை, கடல் கடந்த தமிழர்கள் கொண்டுவந்து வைத்த வெள்ளி வீணைகள் எல்லாம் அதில் இருந்தன. எது எந்தப் படத்துக்கு, எந்தப் பாட்டுக்கு, அதன் பதிவில் வயலின் வாசித்தவர் யார் என்பது வரை தில்லைநாயகத்துக்கு மனப்பாடம்.

மாசிலாமணி இசையமைப்பாளராகத் திரைக்கு வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. அதில் பாதிக்கு மேல் தில்லைநாயகம் கூடவே இருந்திருக்கிறார். வாத்தியக்காரர்களுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுப்பதும் பதிவின்போது அவர்களை நடத்துவதும் அவர்தான். தனியாகப் படங்களுக்கு இசையமைக்க அவரையும் கூப்பிட்டார்கள். போகவில்லை.

"நீங்க அந்த வீட்டுல இன்னொரு அலமாரிப்பா" என்பாள் மகள் யாழிசை. ஒரே பெண். கல்லூரியில் இரண்டாம் வருடம்.

ஒருமுறை, தில்லைநாயகம் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, இத்தனையில உங்களுக்குப் பெரிசு எது?"

மாசிலாமணி அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.

"துடைச்சாச்சா? வா, சாப்பிடலாம்" என்றார்.

தில்லைநாயகத்துக்குப் பெரியது எது என்பதில் சந்தேகமே இல்லை. அந்தத் தாலாட்டுதான். படத்தில் ஒரு தாய், இறந்துபோன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்க, பின்னணியில் ஒலிப்பது. மாசிலாமணியே பாடியது. தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. எந்த ஊருக்குப் போனாலும் யாராவது வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்ததாகவும், அந்தப் பாட்டுதான் தங்களை எழுந்து உட்கார வைத்ததாகவும் சொல்லி அழுவார்கள். பக்கத்தில் நிற்கும் தில்லைநாயகத்தின் கண்களும் நிறைந்துவிடும். அது பாட்டு இல்லை, மருந்து என்று எல்லாரிடமும் சொல்லுவார்.

ஐம்பதாவது வருட விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த மழைக்காலத்தில் யாழிசைக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனைவி பரிமளம் கூடவே இருந்தாள். தில்லைநாயகம் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு ஒத்திகைக்கு ஓடினார். ஒரு நாள் தாலாட்டுக்கான ஒத்திகை. எப்போதும்போலப் போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். வெளியே வந்து போட்டபோது, தவறிய அழைப்புகள் திரை நிறைய வரிசையாக ஏறின.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகளின் முகத்தை மூடியிருந்தார்கள்.

எல்லாரும் வந்தார்கள். மாசிலாமணியும் வந்து, சுடுகாடு வரை நடந்தார்.

அதற்கடுத்த நாட்களில் ஒரு மத்தியானம் தில்லைநாயகம் மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனில் அந்தத் தாலாட்டைப் போட்டார். அழுகை வரும் என்று காத்திருந்தார். இரண்டாம் சரணத்தில் ஒரு வயலின் கொஞ்சம் பிந்தி நுழைவது கேட்டது. இத்தனை வருடத்தில் அதைக் கவனித்ததே இல்லை. மறுபடி போட்டார். மறுபடியும் அந்த வயலின்தான் கேட்டது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பதிவில் இருப்பது போதாது என்று நினைத்துக்கொண்டார். ஐயா வாயால், இந்த வீட்டில், பிள்ளையின் படத்துக்கு முன்னால் பாடிக் கேட்க வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்யும். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் காரியம் வரை நாட்களைத் தள்ளினார்.

காரியமும் விழாவும் ஒரே தேதியில் வந்துவிட்டன. அரங்கத்தை மாற்ற முடியாது, மந்திரிகள் வருகிறார்கள் என்று விழாக்குழு வருத்தம் தெரிவித்தது. தில்லைநாயகம் தனக்குப் பதிலாக இன்னொருவர் நடத்தட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காரியத்தன்று காலையில் மாசிலாமணி வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சரியாக மடங்கவில்லை. ஒரு காலை நீட்டிக்கொண்டார்.

படையல் முடிந்ததும் பரிமளத்தின் தம்பி சிங்காரவேலு கைகூப்பிக் கேட்டான். பிள்ளைக்காக அந்தத் தாலாட்டை ஒரு தடவை பாட வேண்டும் என்றான். கூடத்தில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்னால் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

மாசிலாமணி தலையை ஆட்டி மறுத்தார்.

தில்லைநாயகம் எழுந்து அவர் அருகில் போய் மண்டியிட்டார்.

"ரெண்டு வரி போதும் ஐயா. முணுமுணுத்தாக்கூடப் போதும்."

"வேண்டாம் தில்லை."

"எனக்காக ஐயா."

"வேண்டாம்."

தூக்கிய செல்போன் இறங்கியது. சிங்காரவேலு யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, மேடை என்றால் குரல் வரும், கூட இருக்கிறவன் வீடு என்றால் வராது என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. ஐயாவைப் பற்றி யார் ஒரு சொல் சொன்னாலும் பாய்கிற தில்லைநாயகமும் அன்று வாயைத் திறக்கவில்லை. தன் உள்ளே ஏதோ இற்று விழுவது அவருக்குத் தெரிந்தது. மகள் போனபோதுகூட அது விழாமல் இருந்தது.

சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். வாத்தியக்காரர்கள் அரங்கத்துக்குப் போக வேண்டும். தில்லைநாயகத்தின் முகத்தைப் பார்க்காமல் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சிங்காரவேலு பந்தல்காரனோடு வெளியே போனான்.

மாசிலாமணி மட்டும் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து அதே இடத்தில் இருந்தார். சாய்ந்துகொள்ளத் தலையணை வேண்டுமா என்று தில்லைநாயகம் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை.

மாலை வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் விழாக்குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து மெதுவாகப் பேசினார்கள். கார் நிற்கிறது, கூட்டம் சேர்ந்துவிட்டது, பட்டமும் பொற்கிழியும் இன்றைக்குத்தான் என்றார்கள். தான் வரவில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டதாக மாசிலாமணி சொன்னார். வந்தவர்களில் மூத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வருடத்துக்கு ஒரு நாள் ஐயா, நீங்கள் இல்லாமல் எப்படி நடத்துவது என்றார்.

"பாட்டெல்லாம் அங்கே இருக்குல்ல. அதை வெச்சு நடத்துங்க."

அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

தில்லைநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாடவும் மாட்டேன் என்கிறார், போகவும் மாட்டேன் என்கிறார். இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. இத்தனை வருடத்தில் அவர்மேல் எரிச்சல் வந்தது அதுதான் முதல் தடவை.

சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த பரிமளம் எழுந்து வந்தாள். மகள் போனதிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. மாசிலாமணிக்கு எதிரே உட்கார்ந்தாள். அவரையே பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"தண்ணி கேட்டா" என்றாள்.

அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்து முன்னால் குனிந்தார்.

"வாயில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் குடுக்கலை. ஒரு சொட்டு கேட்டா. நான் குடுக்கலை."

தில்லைநாயகம் நிமிர்ந்தார். இது அவருக்குத் தெரியாது.

"அப்பா வந்துட்டாரான்னு கேட்டா. வந்துட்டே இருக்காருன்னு சொன்னேன். போன் போட்டுட்டே இருந்தேன். வந்துட்டே இருக்காருடின்னு சொன்னேன். சரிம்மான்னா."

மனசைத் தேற்றிக்கொள் என்று மாசிலாமணி சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. பரிமளம் முதலிலிருந்து மறுபடி சொன்னாள், அதே வார்த்தைகளில். அவர் புதிதாகக் கேட்பதுபோல மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறை சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. தரையில் கவிழ்ந்து, இத்தனை நாளும் வராத அழுகையை அழுதாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" தில்லைநாயகம் தடுமாறிக் கேட்டார்.

"சொல்ல வாயெடுத்தாலே எல்லாரும் நினைக்காதே, நினைக்காதேன்னாங்க. நீங்க அந்த ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுப் பாட்டுக் கேட்டுட்டு இருந்தீங்க."

தில்லைநாயகம் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முதுகில் கையை வைத்தார். அவள் தட்டிவிட்டாள். அவர் மறுபடி வைத்தார். இந்தத் தடவை அவள் விட்டுவிட்டாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை. அழுது ஓய்ந்து பரிமளம் தரையிலேயே கண்ணை மூடிக் கிடந்தாள்.

நீட்டியிருந்த காலை மாசிலாமணி மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஐயா" என்றார் தில்லைநாயகம். "ஊர் உலகத்துக்கெல்லாம் பாடினீங்க. எம் பிள்ளைக்கு ஏன் பாடலை?"

மாசிலாமணி, படுத்திருப்பவள் விழித்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாடியிருந்தா, என் வேலை முடிஞ்சுதுன்னு எழுந்து போயிருப்பேன் தில்லை."