முடிவு வரை விளையாடியவர்கள்

ஒசாகாவில் வீடியோ கேம் இயக்குநராக இருந்த சாயோ, ஒருநாள் காலையில் பை நிறையக் காகிதங்களோடு ஒனோமிச்சித் துறைமுகத்துக்கு ரயிலேறினாள். கேமுக்குக் கதை அமைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒகாதா அங்கேதான் ஓய்வில் இருந்தார். சாயோவுக்கே அப்போது நாற்பத்தாறு வயது.

அவள் இயக்கியவை இரண்டு கேம்கள். முதலாவது ‘உப்பு மலை’. உப்பு சுமக்கும் ஒரு பெண் மலை தாண்டிப் போகும் கதை. வெளிவந்தபோது, “சண்டையே இல்லை, நடை மட்டும்தான்” என்று எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருடம் கழித்து வந்தது ‘ஏழு வாள்கள்’. கடை திறக்கும் முன்பே வரிசை நின்றது.

இப்போது பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு பேச்சு மாறியிருந்தது. ‘ஏழு வாள்கள்’ வெறும் சத்தமாம். ‘உப்பு மலை’யின் கதையைப் போல இன்னொன்று வரவே இல்லையாம்.

சாயோ காகிதங்களை மேசையில் பரப்பினாள். அன்று வந்த விமர்சனங்கள் ஒரு பக்கம், இன்று வருபவை மறுபக்கம்.

“ஐயா, அதே கேம்தான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. எந்தக் கூட்டம் சொன்னது சரி?”

ஒகாதா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அன்று வந்தவற்றில், ‘உப்பு மலை’யை முடிவு வரை விளையாடியவர்கள் எழுதியதை மட்டும் தனியே எடு.”

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பெரும்பாலோர் முதல் கணவாயிலேயே விட்டிருந்தார்கள். முடித்தவர்கள் நான்கே பேர். அவர்களில் மூவர் பாராட்டியிருந்தார்கள்.

“நாலாவது?”

“அது விமர்சனம் இல்லை ஐயா. பேட்டி.”

“படி.”

சாயோ மெல்லப் படித்தாள். “‘கேமில் குறையில்லை. கதைதான் பலவீனம். எழுதியவர் புதியவர்.’”

“யார் கொடுத்த பேட்டி?”

“நான்தான்.” அவள் தலை நிமிரவில்லை. “கம்பெனி என்னிடம் விளக்கம் கேட்டது. அடுத்த கேம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.”

கதையை எழுதியவள் சிஹாரு. அந்தப் பேட்டி வந்த வாரமே வேலையை விட்டாள். பிறகு எங்கேயும் எழுதவில்லை.

“அவளைத் தேடினாயா?”

“போன மாதம் கண்டுபிடித்தேன். மீன் பதப்படுத்தும் ஆலையில் இருக்கிறாள். இப்போது வருகிற பாராட்டையெல்லாம் அனுப்பினேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள்.”

ஒகாதா காகிதங்களை அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

“சிஹாருவும் என்னிடம் படித்தவள்தானே. வேலையை விட்ட அன்று இங்கே வந்தாள்.”

சாயோ திடுக்கிட்டாள். “என்னைத் திட்டினாளா?”

“இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ‘இயக்குநர் அதை முடிவு வரை விளையாடினாரா?’”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“விளையாடினாள், கடைசிக் காட்சியில் என் முன்னாலேயே அழுதாள் என்று உண்மையைச் சொன்னேன்.”

ஒகாதா கண்ணாடியைக் கழற்றினார்.

“இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் இன்னும் எழுதிக்கொண்டிருப்பாள்.”